எண்ணெய்த் தொட்டிக்கு வைத்த பெயர்

தாம்பரத்தில் எங்கள் வீட்டின் முன்பாதி ஹோட்டல், பின்பாதியில் நாங்கள். நடுவே சமையற்கட்டு. அதன் பின்வாசலில் தரைக்கு அடியில் ஒரு தொட்டி இருந்தது. பாத்திரம் கழுவும் தண்ணீர் அதில் விழும். எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதந்து தங்கிவிட, தண்ணீர் மட்டும் அடியிலுள்ள குழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகும். வாரம் ஒருமுறை அந்த மிதப்பை வழித்தெடுக்க வேண்டும். அப்பா அதை எண்ணெய்த் தொட்டி என்பார். யாரும் மேலே மூட்டையை இறக்கிவிடாதபடி, மூடியாகக் கிடந்த கடப்பாக் கல்லில் பெயர் எழுதச் சொன்னார். நான்காம் வகுப்பில் என் கையெழுத்துக்கு நல்ல பெயர். நடுவில் வரும் 'த்'தைக்கூட விடாமல் சாக்பீஸால் எழுதிவிட்டு, அந்த 'த்'தைப் பற்றி ஒரு வாரம் பெருமையடித்தேன்.

அந்த வருடம் முகூர்த்த மாதத்தில் பூரி ஓயாமல் பொரிந்தது. அப்பா மூன்று வாரம் தொட்டியை மறந்தார். டால்டா உறைந்து குழாய் அடைத்து, கழிவு தெருவில் வழிந்தது. வெள்ளிக்கிழமை காலை சுகாதார ஆய்வாளர் மூக்கைப் பொத்தியபடி வந்தார். நாளைக் காலை மறுபடி வருவேன், இப்படியே இருந்தால் கடையைப் பூட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் அப்பா லுங்கியை மடித்துக் கட்டி, கல்லைப் பெயர்த்துச் சுவரில் சாய்த்தார். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. எண்ணெ வாசலைத் தாண்டக் கூடாது."

"இது எண்ணெயா? நாத்தம் குடலைப் புடுங்குது."

"நீங்கதான எண்ணெத் தொட்டின்னு பேர் வச்சீங்க? தினம் அப்படிச் சொல்லிட்டு இன்னிக்கு மட்டும் இல்லைன்னா எப்படி?"

ஆய்வாளரையாவது சமாளிக்கலாம், அம்மாவின் வெள்ளிக்கிழமையைச் சமாளிக்க முடியாது. அப்பா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. பாவாடை நுனியை நனைத்து, கல்லில் 'எண்ணெய்' என்பதை மட்டும் அழித்து, அந்த இடத்தில் 'அழுக்கு' என்று எழுதினேன். என் 'த்' அப்படியே உதவியது.

அம்மா கல்லை வெகுநேரம் பார்த்தாள். "கண்ணு மங்கலா இருக்கு. நீயே படி."

பஸ் போர்டானாலும் கடிதமானாலும் அம்மா இதையேதான் சொல்வாள். என் உச்சரிப்பைச் சோதிக்கிறாள் என்று நினைப்பேன். ழகரத்தில் நாக்கை நன்றாக வளைத்துப் படித்தேன்.

"அழுக்கா? அப்போ தாராளமா போகட்டும்" என்று சேலையைச் செருகிக்கொண்டு அவளே கரண்டியை எடுத்தாள். சீக்கிரம் முடியட்டுமென்று அப்பா வெந்நீர் கேட்டதற்கு, "உருகி உள்ள ஓடி மறுபடி குழாய்லயே உறையும். சுரண்டுங்க" என்றாள். வழித்தெடுத்ததைப் பின்னால் இருந்த எங்கள் காலி மனையில் குழிவெட்டிப் புதைத்தார்கள். குழாயைக் கம்பியால் குத்திவிட்டு, தொட்டியைப் பச்சைத் தண்ணீரால் நிரப்பினார்கள். மறுநாள் ஆய்வாளர் எட்டிப் பார்த்தார், கல்லைப் படித்துச் சிரித்தார், இரண்டு இட்லி சாப்பிட்டுப் போனார்.

ஹோட்டலைக் காப்பாற்றியது என் கையெழுத்துதான் என்று பள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அதனால் திங்கட்கிழமை கல்லில் என் எழுத்துக்குக் கீழே யாரோ கோணல்மாணலாக 'அழுக்கு' என்று கிறுக்கியிருந்ததைக் கண்டதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் ஊற்றித் தேய்த்து அழித்தேன். மறுநாளும் இருந்தது. மறுநாளும் அழித்தேன். பக்கத்தில் அம்மா மாவாட்டிக்கொண்டிருந்தாள். அவள் விரல்களில் வெள்ளையாக இருந்தது அரிசி மாவு என்றுதான் நினைத்தேன்.

ஒரு வாரத்துக்கு மேல் இந்தச் சண்டை நடந்தது. ஐந்தாம் நாள் 'ழு' நேராகிவிட்டது. எட்டாம் நாள் 'தொட்டி'யும் சேர்ந்து வந்தது. நடுவில் 'த்' இருந்தது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை நான் அறிவதற்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், யாரோ என் 'த்'தைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டார்கள் என்பதுதான்.