மேடையைப் பார்க்காத பெரியம்மா

பெரியம்மா தனக்கென்று ஒன்றைக் கேட்டு நாங்கள் கண்டதில்லை. சிட்னிப் புறநகரான டூங்கபியில் எங்களோடு இருந்து, வெள்ளிக்கிழமை விரதம் பிடித்து, எல்லாருக்கும் சமைத்துப் போடுகிறவர். அவர் ஒருநாள் குசினியில் நின்றபடி, ஒரு பழைய பிரித்தானிய ரொக் இசைக்குழுவின் பெயரைப் பிழையில்லாமல் சொல்லி, "அவையள் சிட்னிக்கு வருகினமாம். நான் போகவேணும்" என்றபோது அப்பா தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

"மச்சாள், இப்ப அதிலை பழைய ஆக்கள் ஆர் இருக்கினம்? பாடினவர் சண்டை பிடிச்சுக்கொண்டு போட்டார். ட்ரம்ஸ் அடிச்சவர் செத்துப்போனார். கிற்றார்க்காரக் கிழவர்தான் மிச்சம்."

"அது காணும். இதுதான் கடைசிப் பயணமாம். இனி வரமாட்டினமாம்."

அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் பிறந்த மாமா, யாழ்ப்பாணத்தில் அந்தக் குழுவின் கசெற்றுகளைத் தேயத் தேயக் கேட்டவர் என்பது எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் சைக்கிளில் வெளியே போனவர் திரும்பவில்லை. அவருடைய படத்துக்கு எங்கள் வீட்டில் மாலை போடுவதில்லை. "எங்கையோ இருக்கிறான்" என்பார் பெரியம்மா. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

துணைக்கு என்னை அனுப்பினார்கள். அப்பா சத்தத்துக்குப் பயந்து காருக்குள்ளேயே இருந்துகொண்டார்.

அரங்கு முழுக்கக் கறுப்பு ரீசேர்ட் போட்ட தாத்தாக்கள். சிலர் பேரப்பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார்கள். கிற்றார்க்காரர் முதல் தந்தியைத் தட்டியதும் எல்லாரும் எழுந்து கத்தினார்கள். பெரியம்மாவும் எழுந்தார். ஆனால் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். விளக்கு சனத்தின் மேல் ஓடும்போதெல்லாம் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார்.

"பெரியம்மா, அவர் அங்கால நிக்கிறார்!"

"ஓம் பிள்ளை, ஓம்" என்றார். திரும்பவில்லை.

பாட்டின் நடுவே திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினார். மூட்டு நோகும் என்று கோயில் படியே ஏறாதவர். மேல் வரிசையில் நரைத்த தாடியோடு நம்மவர் ஒருவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மா அவருக்கு முன்னால் போய் நின்று முகத்தையே பார்த்தார். அவர் கண் திறந்து திடுக்கிட்டார்.

"என்ன அக்கா, யாரையாவது தேடுறீங்களா?"

அந்த இந்தியத் தமிழைக் கேட்டதும் பெரியம்மாவின் பிடி தளர்ந்தது. "இல்லைத் தம்பி. ஆள் மாறிப்போச்சு."

கழிப்பறைக்கு வழி கேட்கத்தான் போனார், வெட்கத்தில் கேட்காமல் வந்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

காரில் ஏறியதும் அப்பா கேட்டார்: "எப்பிடி மச்சாள், கிழவர் நல்லா வாசிச்சவரோ?"

"நல்ல சனம்" என்றார் பெரியம்மா. சிறிது தூரம் போனபின், "மெல்பேர்னிலையும் இருக்காம்" என்றார்.

"அங்கயும் இதே பாட்டுத்தானே, பெரியம்மா?"

"பாட்டு அதுதான். சனம் வேறயெல்லே."

அப்பா கண்ணாடியில் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "கூட்டிக்கொண்டு போறன்" என்றார். மெல்பேர்னுக்கு இருவராகப் போனார்கள்; இருவராகவே திரும்பி வந்தார்கள்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில், எங்கள் பெரியம்மாவைப் போல அந்தக் குழுவின் மேல் பைத்தியமானவர் அவுஸ்திரேலியாவிலேயே இல்லை என்று வகுப்பின் முன்னால் நின்று பெருமையாகச் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் மேடையைப் பார்க்கவே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அவருக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்தேன்.