நாலாவது மாடிக்கு ஏற்ற சைக்கிள்

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த பிளாட்டுக்கு லிஃப்ட் கிடையாது. எங்கள் வீடு நாலாவது மாடி. கீழே பூட்டி வைத்த சைக்கிள் இரண்டு முறை களவு போனபிறகு, மூன்றாவதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அது ஒரு இரும்பு மவுண்டன் பைக். சாலாக் செலாத்தானில் இருந்த பட்டறைக்கு அதில்தான் தினமும் போய் வந்தேன். பட்டறை ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. குனிந்து நிமிர்ந்தே முதுகு போய்விட்டது. "சைக்கிள் ஓட்டலாம், கனம் மட்டும் தூக்காதீங்க" என்றார் டாக்டர். நாலாவது மாடியில் இருக்கிறவனிடம் சொல்கிற பேச்சா அது?

காலையில் படிப்படியாக உருட்டி இறக்கிவிடுவேன். ஏற்றுவதுதான் பாடு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழே வந்து சைக்கிள் மணியை இரண்டு தரம் அடிப்பேன். மனைவி இறங்கி வருவாள். முன்பக்கம் நான், பின்பக்கம் அவள். அவளும் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் விடியற்காலையிலிருந்து நின்று நின்று வேலை செய்துவிட்டு வந்தவள்தான்.

இரண்டாவது மாடியில் ஒரு முறை இறக்கி வைத்து மூச்சு வாங்குவோம். மூன்றாவது மாடியில் இன்னொரு முறை. கேன்டீனில் யார் யாருடன் பேசுவதில்லை, மகளை எந்த இடைநிலைப்பள்ளியில் சேர்ப்பது, கிள்ளானில் இருக்கிற அவள் தம்பி எப்போது திருந்துவான், எல்லாம் அந்தப் படியில்தான் பேசப்பட்டது. சண்டையும் வரும். ஆனால் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருக்கும்போது யாரும் முறைத்துக்கொண்டு போய்விட முடியாது. நாலாவது மாடி வருவதற்குள் சண்டை ஏதாவது ஒரு முடிவுக்கு வந்தே ஆகவேண்டும்.

ஒருநாள் அவள் இறங்கி வருவதைக் கீழே நின்று பார்த்தேன். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாகக் காலை வைத்தாள்.

"கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல. மரத்துப் போச்சு."

மறுநாளும் அப்படித்தான் இறங்கினாள். அதற்கு மறுநாளும். முட்டி என்று அவள் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. இந்த இரும்பை இனி இவள் தூக்கக்கூடாது என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். வேலையை விடச் சொல்ல வக்கில்லை, வீடு மாற்றவும் வழியில்லை. சைக்கிளை மாற்றத்தான் என்னால் ஆகும்.

தொண்ணூறுகளின் நடுவில் கார்பன் சைக்கிள் என்ற பேச்சு அடிபட ஆரம்பித்திருந்தது. இரும்பில் பாதி கனம்கூட இருக்காது, கிள்ளானில் ஒரு கடையில் பழைய பிரேம் கிடைக்கும் என்று பட்டறை வெல்டர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனேன். கடைக்காரர் என்னைவிட இளையவர், தமிழர். சுவரில் புத்தம் புது பிரேம் ஒன்று தொங்கியது. விலை கேட்டேன். பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பழையது மூன்று இருந்தன. முதலாவது உயரம், தாண்டி நின்றால் குழாய் தொடையிடுக்கில் முட்டியது. இரண்டாவது கறுப்பாகப் பளபளவென்று கண்ணைப் பறித்தது. கடைக்காரர் இருபது சென் காசை எடுத்துக் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக் என்று வந்த சத்தம் ஓர் இடத்தில் மட்டும் சொத்தென்று விழுந்தது.

"உள்ள ஒட்டு விட்டுப்போச்சு அண்ணே. பார்க்க நல்லாதான் இருக்கும், நம்ப முடியாதுலா" என்று அவரே அதை மறுபடி மாட்டிவிட்டார்.

மூன்றாவதில் பெயின்ட் உரிந்து கிடந்தது. ஆனால் காசுக்கு எங்கும் ஒரே சத்தம். கார்பன் குழாயை அலுமினிய மூட்டில் ஒட்டியிருக்கிற இடத்தில் கீறல் இருக்கிறதா என்று இருவரும் டார்ச் அடித்துப் பார்த்தோம். இல்லை.

"எந்த மலைக்கு ஓட்டுறீங்க?"

"நாலாவது மாடிக்கு."

அவர் சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, முன்சக்கரத்துக்கென்று மேசையில் எடுத்து வைத்திருந்த ஸ்பிரிங் ஃபோர்க்கைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார். "அப்ப இது வேணாம். பிரேம்ல மிச்சம் பிடிக்கிற கனத்த இது தின்னுரும். சாதா ஃபோர்க் போடுறேன். முன்னால மூணு பல்சக்கரமும் எதுக்கு, ஒண்ணு போதும்லா." பிரேக், சீட், பின் கியர் எல்லாம் என் பழைய சைக்கிளிலிருந்து கழற்றிப் போடலாம் என்றார். சக்கரத்தில் நான் தயங்கினேன். மலிவானது கனம், லேசானது விலை. "யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்காதீங்க அண்ணே" என்றார். அவர் வியாபாரி, அப்படித்தான் சொல்வார். ஆனால் சொன்னது நியாயம்.

அடுத்த வாரம் பழைய சைக்கிளோடு போய், பூட்டி முடித்த புதியதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கடையின் மாடிப்படியில் இரண்டு முறை ஏறி இறங்கினேன். டியூப் வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. "சீட் போல்ட்ட இரும்பு மாதிரி இறுக்காதீங்க, குழாய் வெடிச்சிரும்" என்று சொல்லி அனுப்பினார்.

அன்று மணியடித்ததும் மனைவி இறங்கி வந்தாள். ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.

"அட, இவ்ளோதானா? அப்ப இனி நா வரவேணாம்."

"வேணாம்" என்றேன். அப்போது எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அதற்குப் பிறகு தோளில் மாட்டி நானே ஏறினேன். வீட்டுக்குள் போய்ச் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குளிப்பேன், சாப்பிடுவேன், நாற்காலியில் சாய்வேன். அவள் டிவி முன்னால் இருப்பாள். சண்டையே இல்லை. வீட்டில் நிம்மதி வந்துவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் இருவருக்கும் அலுப்பு.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் மூன்றாவது மாடியில் குடியிருந்த பெண், கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "அண்ணே, அக்காக்கு முட்டியில எக்ஸ்ரே எடுத்தாங்களே, என்னா சொன்னாங்க?"

எனக்கு எதுவும் தெரியாது. "பரவால்ல" என்று ஏதோ முனகிவிட்டு ஏறினேன். வெட்கமாக இருந்தது. அவள் முட்டிக்காகவே கிள்ளான் வரை போய்க் காசால் தட்டிப் பார்த்துச் சைக்கிள் வாங்கியவன் நான்.

வாசலில் நின்றபடியே கேட்டேன். "எக்ஸ்ரேக்கு யார்கூடப் போன?"

"தனியாத்தான். பஸ்ல."

"ஏன் சொல்லல?"

அவள் டிவியிலிருந்து திரும்பினாள். "எப்ப சொல்லச் சொல்றீங்க? முன்ன படியில வர்றப்பவே எல்லாம் சொல்லிருவேன். இப்ப வர்றீங்க, குளிக்கிறீங்க, சாப்பிடுறீங்க, சாஞ்சிர்றீங்க." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். "ஆபரேஷன் செய்யணுமாம். அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்க."

முன்போல மணியடித்துக் கீழே கூப்பிடவும் இனி வழியில்லை. வேலைக்கு ஒரு தரம் இறங்கி ஏறுவதே அவளுக்குப் பெரும்பாடு. சைக்கிளைச் சுவரோரம் வைத்துவிட்டு, குளிக்கப் போகாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன கேட்பது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.