அரைக் கட்டை ஏறிய கேசட்

பத்து நாள் என் மகள் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிசுகிசுக்கவும் கூடாது. குரல்நாணில் இருந்த சின்னக் கட்டியை எடுத்திருந்தார்கள். "பேச்சு வந்துடும் சார். முன்ன மாதிரி பாடுவாளான்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார். ஒன்பதாவது படிக்கிறவள். எங்கள் சர்ச் கொயரில் நான்கு வருடமாகப் பாடுகிறாள். சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்பும்போது பாடி சந்திப்பில் லாரிகளுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொண்டு நின்றது. அவள் ஜன்னல் கம்பியில் ஒரு விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த விரலைத்தான் நான் பார்த்துக்கொண்டு வந்தேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். பத்து நாள் லீவு போட்டேன். வீட்டில் இருந்து நான் செய்யப் போவது ஒன்றுமில்லை. ஆனாலும் போட்டேன். மூன்றாம் நாள் மனைவி சொல்லிவிட்டாள்: "வாயத் தெறக்கக் கூடாதுன்னது அவளுக்கு. நீங்க ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? ஏதாவது பாட்டாவது போடுங்க."

அப்படித்தான் பரண் மேலிருந்த தகரப்பெட்டி கீழே இறங்கியது. உள்ளே நாற்பது கேசட்டுகள். எல்லாம் எண்பதுகளில் நான் சேர்த்தவை. எல்.பி. ரெக்கார்டு வாங்க அப்போது எனக்கு வசதி கிடையாது. அம்பத்தூரில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. காலி கேசட்டையும் பாட்டுகளின் பட்டியலையும் கொடுத்தால், ரெக்கார்டிலிருந்து பதிந்து தருவார்கள். வாங்கி வந்ததும் கேசட்டின் முதுகிலுள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை ஒடித்துவிடுவேன். அப்புறம் அதன்மேல் யாரும் எதையும் பதிய முடியாது.

நாளுக்கு ஒரு கேசட் என்று வைத்துக்கொண்டோம். அவள் கட்டிலில் சாய்ந்து, மடியில் நோட்டும் பென்சிலுமாகக் கேட்பாள். நான் விளக்கம் சொல்வேன். இந்த இடத்தில் வயலின்கள் எப்படிக் கும்பலாக எழுகின்றன பார். பேஸ் கிடார் பாட்டுக்கு அடியில் தனியாக ஒரு பாட்டு பாடிக்கொண்டு போகிறது, கேட்கிறதா? அவள் நோட்டில் எழுதுவாள்: "கேக்குதுப்பா. நீங்க பேசாம இருந்தா இன்னும் நல்லா கேக்கும்."

ஐந்தாம் நாள் என் உயிரான கேசட்டைப் போட்டேன். பக்கத்துக்கு முப்பது நிமிடம் ஓடுவது. பட்டியலைக் கொடுத்த அன்று சென்டர்காரர் தலையைச் சொறிந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"இன்னா சார், ஒரு பாட்டு ஓவரா கீதே. லாஸ்ட் பாட்டுல ரெண்டாஞ் சரணம் கட்டாயிடும்."

"கட்டாகக் கூடாது. பாட்டையும் எடுக்கக் கூடாது."

"டேப்பு இன்னா ரப்பரா, புட்ச்சி இழுக்க?"

நான் விடவில்லை. அந்தச் சரணத்துக்காகத்தான் முழுப் பட்டியலுமே. மறுநாள் போனபோது அவர் சிரித்தார். "எட்த்துக்கினு போ அண்ணாத்தே. ஒரு எழுத்துகூட வுட்டுப் போவல." அட்டையில் 'முழுப் பாடல்கள்' என்று சிவப்பு மையில் எழுதி, அடிக்கோடும் போட்டேன். கேட்காதவர்களிடமும் காட்டினேன்.

மகள் அந்தப் பக்கம் முழுவதையும் கேட்டாள். ரிவைண்ட் செய்யச் சொல்லிக் கைகாட்டினாள். தன் சின்னக் கீபோர்டை எடுத்து ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: "இது ஸ்பீடா ஓடுது. சுருதி அரைக் கட்டை மேல இருக்கு."

"போடி. பதினஞ்சு வருஷமா கேக்கறேன்."

அவள் சண்டைக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து ரேடியோவில் அதே கடைசிப் பாட்டு வந்தது. ஓடிப் போய்க் கீபோர்டை எடுத்து வந்தாள். ரேடியோவில் இரண்டு கட்டை. கேசட்டைப் போட்டாள். இரண்டரை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. சென்டர்காரர் ரெக்கார்டு பிளேயரின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, முப்பத்திரண்டு நிமிடப் பாட்டுகளை முப்பது நிமிடத்தில் திணித்திருக்கிறார். வேகம் கூடினால் சுருதியும் கூடவே ஏறும். நான் அடம்பிடித்துக் கேட்டதைத்தான் அவர் கொடுத்திருந்தார். தொழிற்சாலையில் நான் அளவு பார்க்கிற பிரிவு. ஒரு மயிரிழை பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவன். இந்தப் பிசகு பதினைந்து வருடம் என் காதில் விழவில்லை. இவள் ஒரே தடவையில் பிடித்தாள். தொண்டையை மூடிவைத்திருந்தார்களே தவிர, காதை யாரும் தொடவில்லை என்று அன்று மனைவியிடம் நாலு தடவை சொன்னேன்.

பதினோராம் நாள் பேச்சு வந்தது, கொஞ்சம் கரகரப்பாக. "அப்பா, பசிக்குது" என்றாள். பாட மேலும் ஒரு மாதம் கழித்துத்தான் அனுமதி கிடைத்தது. அந்த ஒரு மாதமும் அவள் இருமியபோதெல்லாம் நான் வெந்நீரோடு ஓடினேன்.

அனுமதி கிடைத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆசையாக அந்தக் கேசட்டையே போட்டேன். பிசகு நினைவிருந்தும் கை அதற்குத்தான் போனது. கடைசிப் பாட்டு. கூடவே மெல்லப் பாடினாள். பல்லவி தாண்டியது. முதல் சரணம் தாண்டியது. இரண்டாவது சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. காற்று மட்டும் வந்தது.

எனக்கு டேப்பை நிறுத்தவும் தோன்றவில்லை. அவளே எட்டி நிறுத்தினாள்.

"ஏம்பா முழிக்கிறீங்க? இது உங்க சென்டர்காரர் ஏத்திவச்ச சுருதி."

"வேணாம்மா. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"இருங்கப்பா."

கீபோர்டில் இரண்டு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கேசட் இல்லாமல் அந்தச் சரணத்தை முதலிலிருந்து எடுத்தாள். வேகம் குறைந்ததும் சொற்களுக்கு இடையில் இடம் கிடைத்தது. அந்த இடங்களில் மூச்சு எடுத்துக்கொண்டாள். மேலே ஏறும் இடம் வந்தது. நான் தரையைப் பார்த்தேன். குரல் கொஞ்சம் மணலாக இருந்தது. ஆனால் போய் அங்கே நின்றது. நிற்க வேண்டிய அளவு நின்று, தானாக இறங்கி வந்தது. அந்தப் பாட்டை அதன் சரியான சுருதியில் எங்கள் வீட்டில் முழுதாகப் பாடியது அவள்தான். என்னிடமிருந்த கேசட்டால் அது முடிந்ததில்லை.

மனைவி கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ பாடச் சொல்லாதீங்க. இன்னைக்கு இது போதும்."

நான் இன்னும் வாயே திறக்கவில்லை.