டில்லிக்கு நாலு மணிக்குள் பதில்

போன மாதம் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். செம்மேட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் என் கல்லூரித் தோழன் ஜெயசீலன் கிளார்க். திருச்சிக்காரன். மலைக்குளிர் தாங்காமல் ஆபீஸிலும் மஃப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். அரை நாள் லீவு போட்டு என்னை வாசலூர்பட்டிக்குப் படகு சவாரிக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு.

கிளம்புகிற நேரத்தில் போன் அடித்தது. கலெக்டர் ஆபீஸ். ஜெயசீலன் எழுந்து நின்று பேசினான். போனில் நிற்பது யாருக்குத் தெரியப் போகிறது? ஆனாலும் நின்றான்.

"பார்லிமென்ட் கேள்விடா. நாலு மணிக்குள்ள பதில் போகணுமாம்."

கேள்வி இதுதான். மலைவாழ் மக்களில், வேலைக்கென்று வெளிநாடு போய்த் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டா? மீட்க வெளியுறவுத் துறை என்ன செய்தது? இங்கே அவர்கள் குடும்பத்துக்கு என்ன உதவி? யாரோ ஓர் எம்.பி. கேட்டிருக்கிறார். பார்லிமென்டில் மந்திரி பதில் சொல்ல வேண்டும். மந்திரிக்குச் செயலாளர் சொல்ல வேண்டும். செயலாளருக்கு... இப்படியே இறங்கி இறங்கி, கடைசியில் மஃப்ளர் கட்டிய ஜெயசீலனிடம் வந்து நின்றது.

மணி இரண்டு. சிதறிக் கிடக்கிற குக்கிராமங்களில் யாரைப் போய்க் கேட்பது? பாதி ஊரில் போனே கிடையாது. அவன் யோசிக்கவே இல்லை. காகிதத்தில் ஒரே ஒரு சொல் எழுதினான் — இன்மை.

"அதென்னடா இன்மை?"

"ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். யாரும் ரிப்போர்ட் பண்ணலைன்னா இன்மைதான். இன்மை அறிக்கைன்னு தனியா ஃபார்மே இருக்கு."

சபாஷ். தேடாததெல்லாம் இல்லாதது. அரசாங்கத்தை மட்டும் சொல்வானேன்? வீட்டில் கத்தரிக்கோல் கேட்டால், அலமாரியைத் திறக்காமலே 'இல்லை' என்று சொல்கிற ஆள்தான் நானும்.

அவன் போன் லைன் கிடைக்காமல் மல்லாடிக்கொண்டிருந்தான். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். பேச்சுக் கொடுத்தேன். பெயர் பாவாயி, திண்ணனூர் நாட்டிலிருந்து வருகிறாராம். இந்த மலையில் நாடு என்றால் சில குக்கிராமங்கள் சேர்ந்தது.

"என்ன விஷயமா வந்தீங்கம்மா?"

"எங்கூட்டுக்காரரு விசயமா மனு குடுத்தேனுங்க. இது நாலாவது நடை. உள்ள இருக்கிற சாரு, பேசித் தீத்துக்கன்னு சொல்றாருங்க. பேசறதுக்கு ஆளு வேணுமில்லீங்க?"

"அவர் எங்கே?"

"மலேயாவுலீங்க. ஓட்டல் வேலைன்னு கூட்டிட்டுப் போயித் தோட்டத்துல போட்டுட்டாங்க. பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சுக்கிட்டு வுட மாட்டேங்கறாங்க. ரெண்டு வருசமாச்சுங்க. சின்னவளுக்கு அப்பன் மூஞ்சியே தெரியாது."

பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். வெளிநாட்டு ஸ்டாம்ப். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. காய்ச்சலோடும் வேலைக்குப் போகிறேன், எப்படியாவது என்னைக் கூப்பிட்டுக்கொள் என்று எழுதியிருந்தார் அந்த மனுஷன்.

நேரே உள்ளே போனேன். "அந்தம்மா மனுவை எடு."

எடுத்தான். அவர் வாயால் சொல்லச் சொல்ல இவன் எழுதிய மனு. 'கணவர் மலையில் இருக்கிறார். வர மறுக்கிறார்.' கீழே சிவப்பு மையில் — 'குடும்பத் தகராறு. பேசித் தீர்த்துக்கொள்ள அறிவுறுத்தப்பட்டது.'

"டேய், மலையில இல்லடா, மலேயாவுல. மலேசியா!"

'வுட மாட்டேங்கறாங்க' என்று அந்தப் பெண் முதலாளிகளைச் சொல்லியிருக்கிறார். அது 'வர மாட்டேங்கறாங்க' என்று காதில் விழ, புருஷனைத்தான் மரியாதையாகச் சொல்கிறார் என்று இவன் நினைத்துக்கொண்டான்.

ஜெயசீலனுக்கு முகம் செத்துப்போயிற்று. "இன்மைன்னு இப்பத்தாண்டா சொல்லி முடிச்சேன். மாத்தினா, ஏன் முன்னாடியே அனுப்பலைன்னு கேட்பாங்க. இந்தக் குறிப்பைக் காட்டணும். மெமோ நிச்சயம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. திட்டினேன். என்ன திட்டினேன் என்பதை எடிட்டர் போட மாட்டார். அவன் ஜன்னல் வழியாகப் பெஞ்சைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு போனை எடுத்தான். மணி மூன்றே முக்கால்.

"சார், செம்மேடு. இன்மை இல்லை சார்... ஒண்ணு."

அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது. மாவட்டம் முழுக்க இன்மை என்று டைப் அடித்து, ஃபேக்ஸ் மெஷினில் வைத்துவிட்டார்களாம். ஒரே ஓர் ஆளுக்காக மறுபடி அடிப்பதா?

"தப்பு என்னுது சார். எழுதிக் குடுத்துடறேன். பேரு, ஊரு சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

மெமோ வந்தது. நாங்கள் படகில் போகவில்லை. போகட்டும்.

சென்ற வாரம் சபையில் மந்திரி பதில் சொல்லிவிட்டார். 'ஒருவர் குறித்துத் தகவல் வந்துள்ளது. தூதரகத்தின் மூலம் நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.' மந்திரிகள் எழுந்து 'இல்லை' என்று அடித்துச் சொல்லும்போது இனி நான் அவர்களைத் திட்ட மாட்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை யாரும் விசாரிக்காவிட்டால், பாவம், மந்திரிதான் எதைப் பார்த்துப் படிப்பார்?

பதிலின் நகலை எடுத்துக்கொண்டு ஜெயசீலன் பஸ் பிடித்து, பஸ் போகாத தூரத்தை நடந்து, பாவாயி வீட்டுக்கே போயிருக்கிறான். வரி விடாமல் படித்துக் காட்டினானாம். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

"நடவடிக்கை வருதுங்க, சரி. அவரு எப்ப வாராரு?"

மந்திரி பதில் சொன்ன பிறகு மேற்கொண்டு கேட்கிற இந்த மாதிரிக் கேள்விக்குச் சபையில் துணைக் கேள்வி என்று பெயர். எம்.பி. யாராவது இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்களா?