யாயத் துடைக்காத பெட்டிகள்

பாண்டுங் நகரில் செல்போன் விளையாட்டுகள் செய்யும் அந்தச் சின்ன அலுவலகத்தில் யாயத் என்றால் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். நல்லவன்தான். ஆனால் கணினி நினைவகத்தைப் பற்றி வாய் திறந்தால், எதிரே இருப்பவர் தட்டில் கரெடோக் சாலட்டின் பச்சைக் காய்கள் வாடும் வரை விடமாட்டான்.

சாதாரணமாக, திரையில் ஓர் ஆள் தோன்றும்போதெல்லாம் நிரல் கணினியிடம் போய், இடம் கொடு என்று கெஞ்சும். அந்த நேரத்தில் படம் திக்கும். யாயத்துக்குக் கெஞ்சுவது பிறவியிலேயே ஆகாது. ஆரம்பத்திலேயே பெரிய இடமாக ஒன்றை வளைத்துப்போட்டு, சம அளவுப் பெட்டிகளாக வெட்டி வைத்தான். ஆள் வந்தால் ஒரு பெட்டி. போனால் அதே பெட்டி அடுத்தவருக்கு. மூன்று மாத உழைப்பு. தலைவி எனொக் கறாராகச் சொல்லியிருந்தாள்: ஜகார்த்தாவிலிருந்து வரும் முதலாளி சுதிக்னோவின் பழைய போனில் ஒழுங்காக ஓடவேண்டும், இல்லையென்றால் பெட்டிகள் குப்பைக்கு.

அதனால் நம்ம ஆள் ஒரு காரியம் செய்தான். பெட்டி கைமாறும்போது உள்ளே இருப்பதைத் துடைக்கும் வரி ஒன்று உண்டு. சோதனைப் பதிப்பில் அதை விட்டுவைத்து, காட்டப்போகும் பதிப்பில் மட்டும் எடுத்துவிட்டான். வேகமாம்! சோதித்தது ஒன்று, காட்டியது இன்னொன்று. இப்படிப்பட்ட கிறுக்குத்தனம் இந்தத் தொழிலில் படித்தவர்களுக்குத்தான் வரும்.

சுதிக்னோ கீறல் விழுந்த போனை நீட்டினார். சந்தைக் காட்சி வழுக்கிக்கொண்டு ஓடியது. யாயத் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அப்போது திரையில் எல்லோரையும் அழைத்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண் வீட்டுக்குள் போனாள். அவள் பெட்டி அடுத்து வந்த ஆட்டுக்குக் கிடைத்தது. ஆட்டுக்கென்று யாரும் பேச்சு எழுதவில்லை. பெட்டியில் துடைக்காமல் கிடந்த அவள் பேச்சையே அது பேசியது: "அவசியம் குடும்பத்தோட வந்துடுங்க. சாப்பாடு பிரமாதமா இருக்கும்!"

"சாத்தேக் கறி ஆகப்போறது தான்தான்னு தெரியாம கூப்பிடுது பாருங்க!" சுதிக்னோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யாயத்துக்கு முகம் செத்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார்: "ஆனா இந்தப் போன்ல எதுவுமே இப்படித் திக்காம ஓடினதில்ல. ஆட்டை மட்டும் சரி பண்ணிடுங்க."

அவர் போனதும் எனொக் திரும்பினாள். "என்னடா பண்ணித் தொலைச்சே?"

"துடைக்கிற வரியை எடுத்துட்டேன், அக்கா."

"உன் பெட்டி பிழைச்சுது, போ. அந்த வரியைத் திரும்பப் போடு."

"வேகம் குறையுமே, அக்கா."

"எவ்வளவு குறையும்?"

"ரொம்பக் கொஞ்சம். யாருக்கும் தெரியாது."

"அப்புறம் எதுக்குடா எடுத்தே?"

யாயத் தலையைச் சொறிந்தான். "எனக்குத் தெரியுமே, அக்கா."