நாளைக்கோழி

திருவாண்டார்கோயில் பக்கம் கோழியை வெட்டிப் பாக்கெட் போடும் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறேன். எத்தனை தடவை கழுவினாலும் விரலிடுக்கில் அந்த நாற்றம் இருக்கும். வீட்டில் கோழிக்குழம்பு வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. கூண்டிலிருந்து இறக்கும்போதே பாதிக் கோழி நிற்காது. தீவனத்தை அடைத்து ஊத வைத்த நெஞ்சைத் தாங்கக் காலில் வலுவிருக்காது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாக்கெட் ஆவதற்கெல்லாம் மறுநாள் தேதியை ஒட்டச் சொல்வார்கள். அதற்கு எங்கள் டேபிள் பெண்கள் வைத்த பேர்தான் நாளைக்கோழி. "இன்னிக்கி செத்தது நாளைக்கிதான் சாவப்போவுது" என்று சிரிப்போம். வெளியே மூச்சு விட மாட்டோம். விட்டால் மொத்த டேபிளுக்கும் சீட்டு கிழிந்துவிடும்.

தவளை தன் வாயால் கெடும் என்பது என் விஷயத்தில் நிஜம். டவுனிலிருந்து வந்து எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த ஓவியக்காரப் பெண் ஒருத்தி, குப்பையிலிருந்து கோழி வைக்கும் தெர்மாகோல் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போவாள்.

"இன்னாம்மா இந்தக் கருமம்?" என்று கேட்டேன்.

"சாப்பாட்டை எப்படிப் பொட்டலம் கட்டி விக்கிறாங்கன்னு ஒரு கண்காட்சி வைக்கிறேங்க்கா."

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாளே என்று டீ போட்டுக் கொடுத்தேன். பேச்சுவாக்கில் நாளைக்கோழியையும் சொல்லித் தொலைத்தேன்.

கண்காட்சிக்குக் கூப்பிட்டாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது: நாளைக்கோழி. அதன் கீழே கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜ். உள்ளே தட்டுத் தட்டாக மெழுகில் செய்த உரித்த கோழிகள், எல்லாவற்றிலும் மறுநாள் தேதி.

"எம் பேரு கீரு போட்டியாம்மா?"

"போடலக்கா. ஆனா உங்க சொல்லுதானே, பெருமையா இல்லையா?"

"கம்பெனிக்குத் தெரிஞ்சா அத்தினி பேரும் வூட்டுக்குப் போவணும்மா."

"அந்த பயத்தைத்தான்க்கா நான் காட்டுறேன்" என்றாள். சீ என்று வந்தது. என் பயம் இவளுக்குக் காட்சிப்பொருள். சுற்றி நின்றவர்கள் ஃபிரிட்ஜைப் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டே சிக்கன் ரோல் தின்றார்கள். உதட்டில் எண்ணெய் வழிந்தது.

யார் அழைத்தார்களோ, அப்போது எங்கள் முதலாளி உள்ளே வந்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் சுவரைப் படித்தார், குனிந்து லேபிளைப் படித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, அந்த ஃபிரிட்ஜை அப்படியே விலைக்குக் கேட்டார். அவளும் கொடுத்துவிட்டாள்.

இப்போது அது கம்பெனி வாசலில், நாங்கள் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். யாருக்கும் வேலை போகவில்லை.

நேற்று மதியம் சூப்பர்வைசர் லேபிள் கட்டை என் முன்னால் போட்டுவிட்டு, "இன்னாக்கா, நாளைக்கோழி ஆரம்பிக்கலாமா?" என்றான். வாயில் எச்சில் ஊறியது. மாஸ்க் போட்டிருந்ததால் துப்ப முடியவில்லை. விழுங்கிவிட்டு ஒட்டினேன்.