ஒண்டும் செய்யாது

எங்கள் ஊரில் நாய் வளர்ப்பவர்கள் எல்லோரிடமும் ஒரே வசனம்தான் இருக்கிறது. "ஒண்டும் செய்யாது." நீங்கள் படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நிற்பீர்கள், உள்ளே நாய் மதிலுக்கு மேலால் தலை தெரியப் பாய்ந்துகொண்டிருக்கும், வீட்டுக்காரர் குசினிக்குள் இருந்தபடியே சொல்லுவார், ஒண்டும் செய்யாது. நாய் உங்கள் சீலைக் கரையைக் கவ்விய பிறகும் அதையேதான் சொல்லுவார். அந்த வசனத்தைக் கேட்டாலே எனக்கு உச்சியில் ஏறும். ஒன்றும் செய்யாதென்றால் வந்து பிடியேன் ஐயா, அதில் உனக்கு என்ன கஷ்டம்?

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சீனி வருத்தத்துக்காக நடக்கச் சொன்னார்கள். அதனால் விடியற்காலையில் என் நாயையும் கூட்டிக்கொண்டு கடற்கரை வீதியில் நடக்கத் தொடங்கினேன். வல்வெட்டித்துறைக்கும் பருத்தித்துறைக்கும் இடைப்பட்ட கரை அது. ஒரு பக்கம் மதில்கள், மறுபக்கம் கடல். என் நாய் மண்ணிற ஊர்நாய், பெட்டை. குட்டியாக இருந்தபோது மோட்டார்சைக்கிள் ஒன்று தட்டிவிட்டுப் போய், வீதியோரம் கிடந்ததைத் தூக்கி வந்தேன். இன்றைக்கும் சில்லுச் சத்தம் கேட்டால் என் காலுக்குள் புகுந்துகொள்ளும். அதனால் எப்போதும் சங்கிலியில்தான் கொண்டுபோவேன். "நாயை உலாத்தக் கூட்டிக்கொண்டு போறா" என்று முதலில் சிரித்தார்கள். நாய் தன்பாட்டில் போய்த் தன்பாட்டில் வருகிற ஊரில், அதற்குத் துணை போகிற ஆளைப் பார்த்தால் சிரிப்பு வரத்தானே செய்யும்.

நாளடைவில் இன்னும் சிலர் நாய்களோடு வரத் தொடங்கினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எங்களுக்குள் ஒரு முறை உண்டாயிற்று. எதிரே நாயோடு ஆள் வந்தால் ஒருவர் கடல் பக்கம் ஒதுங்குவார், மற்றவர் மதில் பக்கம். இரண்டு பேரும் சங்கிலியைக் கையில் சுற்றிக் குறுக்கிக்கொள்வோம். ஒருவருடைய நாய் குந்தினால் மற்றவர் கடலைப் பார்த்துக்கொண்டு காற்றைப் பற்றி ஏதாவது கதைப்பார். முடிந்ததும் காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு நடக்கவேண்டும். மூடாமல் போகிறவர்கள் யார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், முகத்துக்கு நேரே மட்டும் சொல்லமாட்டோம்.

தெருநாய்களோடு உள்ள முறை வேறு. அது எங்கள் எல்லோருக்கும் தவழுகிற வயதிலேயே வந்துவிடும். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் குனியவேண்டும். அவ்வளவுதான். கல் எடுக்கத் தேவையில்லை, நிலத்தில் கல் இருக்கக்கூடத் தேவையில்லை. குனிந்த உடனே எங்கள் ஊர் நாய் திரும்பிவிடும், ஒழுங்கை முனையில் நின்று மிச்சத்தைக் குரைக்கும். தலைமுறை தலைமுறையாக இரண்டு பக்கமும் மீறாத ஒப்பந்தம் இது.

இந்த ஒழுங்கெல்லாம் ஒருவரால் குழம்பியது. கனடாவில் பல வருடம் இருந்துவிட்டு, பென்சனோடு ஊருக்குத் திரும்பி, கடற்கரை வீதியில் மாடி வீடு கட்டியிருந்த ஓர் அண்ணை. அரைக் காற்சட்டை, தொப்பி, கையில் தண்ணீர்ப் போத்தல். அவரோடு ஓர் அல்சேசன். சங்கிலி அவருடைய தோளில் கிடக்கும், நாய் அவருக்கு வெகு தூரம் முன்னால் ஓடும். எங்களைக் கண்டதும் என் நாயை நோக்கிப் பாயும். என் நாய் சங்கிலியோடு என் கால்களைச் சுற்றிச் சுற்றிக் கட்டிவிடும். அவர் தூரத்திலிருந்து கையை உயர்த்தி, சிரித்த முகத்தோடு சொல்லுவார்:

"ஒண்டும் செய்யாது தங்கச்சி! விளையாட்டுப் பிள்ளை!"

"அண்ணை, என்ரை நாய் பயப்பிடுது. தயவுசெய்து கட்டிக்கொண்டு வாங்கோ."

"கட்டி வைக்கிறதாலைதான் தங்கச்சி அது பயப்பிடுது. அவிட்டு விட்டுப் பாருங்கோ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் நாயின் மனதை எனக்கே விளங்கப்படுத்துகிறார். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் கொட்டித் தீர்ப்பேன். இந்த நாய் ஒரு நாளைக்கு லொறியில் அடிபடத்தான் போகிறது, அப்போதுதான் அந்த மனுசனுக்குப் புத்தி வரும் என்பேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "ஓம் ஓம்" என்பார்.

அடிபட்டது லொறியில் அந்த நாய் அல்ல, அதன் பல்லில் என் கை. அன்றைக்கு அது பின்பக்கத்தால் வந்தது. என் நாய் வீரிட்டுக்கொண்டு காலைச் சுற்ற, விழப்போன நான் பழக்கத்தில் குனிந்தேன். வேறு எந்த நாயென்றாலும் திரும்பியிருக்கும். இது திரும்பவில்லை. முன்னங்கால்களை நீட்டிப் படுத்து, பின்பக்கத்தை உயர்த்தி, வாலை ஆட்டிக்கொண்டு என் கையையே பார்த்தது. எனக்குத் தலைகால் விளங்கவில்லை. உண்மையாகவே ஒரு முருகைக்கல்லை எடுத்துக் கையை ஓங்கினேன். அவ்வளவுதான், ஒரே பாய்ச்சல். கல்லைப் பிடிக்க வந்த பல் என் புறங்கையைக் கிழித்துக்கொண்டு போனது.

அண்ணை ஓடி வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "ஐயோ தங்கச்சி, பந்தெண்டு நினைச்சிட்டுது! நான் வளவுக்குள்ளை குனிஞ்சு எடுத்துத்தான் பந்தெறியிறனான்!" பிறந்ததிலிருந்து மதிலுக்குள்ளே வளர்ந்த நாய். ஆள் குனிந்தால் ஓடவேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம், ஆள் குனிந்தால் விளையாட்டுத் தொடங்குகிறது என்பதுதான்.

அண்ணை பக்கத்தில் மீன்காரர் கொட்டில் போட்டிருக்கிற வாடியில் சவர்க்காரம் வாங்கி, குழாய்க்குக் கீழே கையைப் பிடித்து நெடுநேரம் கழுவினார். பிறகு என் நாயை வீட்டில் விட்டுவிட்டு என்னைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த டொக்டர் பிள்ளை காயத்தைப் பார்த்தது, நாய்க்கு வருடா வருடம் ஊசி போட்டதா என்று அவரைத் துருவித் துருவிக் கேட்டது. ஏற்பு ஊசி, அதுதான் டெட்டனஸ் ஊசி, ஒன்றைப் போட்டுவிட்டு என்னிடம் சொன்னது:

"அம்மா, காயம் மேலோட்டம்தான். நாயை இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்கு, கட்டி வைச்சுக் கவனிக்கவேணும். அது சுகமாய் இருந்தால் உங்களுக்கும் பயமில்லை. அதுக்கு ஏதும் நடந்தாலோ, காணாமல் போனாலோ, உடனை இஞ்சை ஓடி வாங்கோ."

லொறியில் அடிபடட்டும் என்று நான் நாள்தோறும் சபித்த நாய்! அதன் உயிரோடு இப்போது என் உயிரையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் பிள்ளையார் கோயிலடியில் காரை நிறுத்தச் சொல்லி நேர்த்தி வைத்தேன். அந்த நாய்க்கு ஒரு குறையும் வரக்கூடாது, வராவிட்டால் தேங்காய் உடைப்பேன் என்று. அண்ணை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசர்நாய் வருத்தம் வந்தவர்கள் தண்ணீரைக் கண்டால் பயப்படுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். காலையில் எழும்பியதும் ஒரு கோப்பை தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு, பயமாக இருக்கிறதா என்று என்னையே சோதித்துப் பார்ப்பேன். இல்லாத பயமும் வரும். என் கணவருக்கு இது பெரிய பகிடியாகப் போய்விட்டது. "இந்தாரும், குடியும் பாப்பம்" என்று கோப்பையை நீட்டுவார். ஆனால் நான் குடித்து முடிக்கும் வரை அவர் சிரிக்கமாட்டார்.

ஒவ்வொரு நாள் காலையும் நடை போகிற சாட்டில் அந்த வீட்டுப் படலையடியில் போய் நிற்பேன். அண்ணை என்னைக் கண்டதும் நாயைச் சங்கிலியோடு முன்னுக்குக் கூட்டி வந்து காட்டுவார். "இஞ்சை பாருங்கோ, நல்லாத்தான் நிக்குது." கண் சிவந்திருக்கிறதா, வாயால் நுரை வருகிறதா என்று நான் மதிலுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்ப்பேன். அது என்னைப் பார்த்து வாலை ஆட்டும். பிறகு பிறகு வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. சூடை மீனைச் சோற்றோடு அவித்துக்கொண்டு போனேன். சாப்பிடுகிற நாய் சுகமான நாய் அல்லவா? அது சட்டியை நக்குகிற சத்தத்தைக் கேட்டால்தான் எனக்கு அன்றைய தேத்தண்ணி இறங்கும்.

ஒருநாள் சூடையைத் தொடவில்லை. சங்கிலியை இழுத்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்து ஊளையிட்டது. நான் அதன் வாயில் நுரை வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"வருத்தம் இல்லைத் தங்கச்சி, ஓடித் திரிஞ்சது, கட்டிக் கிடக்கேலாமல் இருக்கு," என்றார் அண்ணை. அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. "பாக்கப் பாவமாயிருக்கு."

"இன்னும் கொஞ்ச நாள்தானே அண்ணை. அவிட்டுப்போடாதேங்கோ."

அடுத்த நாள் காலை போனேன். படலை பாதி திறந்து கிடந்தது. மரத்தடியில் சங்கிலி மட்டும் கிடந்தது. அண்ணை சாரம் கட்டியபடி, தொப்பியும் இல்லாமல் வீதியில் நின்றார்.

"விடிய ஒருக்கா வளவுக்குள்ளை ஓடட்டும் எண்டு அவிட்டனான் தங்கச்சி. படலை சாத்தியிருக்கெண்டு நினைச்சிட்டன். காணேல்லை."

எனக்கு வாயில் நல்ல சொல் வரவில்லை. வந்ததைச் சொல்லவும் நேரமில்லை. அவர் காரை எடுத்துக்கொண்டு பருத்தித்துறைப் பக்கம் போனார். நான் மரத்தடியில் கிடந்த சங்கிலியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, என் நாயையும் இழுத்துக்கொண்டு கரையோரமாக மற்றப் பக்கம் போனேன். வழியில் கண்ட எல்லோரிடமும் கேட்டேன். ஒருவரும் காணவில்லை. கை காந்தத் தொடங்கியது. காயம் எப்போதோ காய்ந்துவிட்டது, பயத்தில்தான் காந்துகிறது என்று எனக்கே தெரியும், ஆனாலும் காந்தியது. ஒவ்வொரு வள்ளத்துக்குப் பின்னாலும் அது செத்துக் கிடக்குமோ என்று பார்த்துப் பார்த்து நடந்தேன்.

மீன் வாடிகளுக்கு அப்பால், வள்ளங்கள் இழுத்து வைத்திருக்கிற இடத்தில், தூரத்தில் கறுப்பாக ஒன்று நின்றது. அதுதான். கூப்பிடலாம் என்று பார்த்தால், அதற்கு வைத்திருந்த இங்கிலிசுப் பேர் அந்த நேரத்தில் என் வாயில் வரமாட்டேன் என்றது. கைதட்டினேன், காற்று அள்ளிக்கொண்டு போனது. அது மற்றப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கியது.

அப்போதுதான் என் நாயின் சங்கிலியைக் கைவிட்டேன். இரண்டு கையும் மணலில் படும்படி, நன்றாகத் தெரியும்படி, குனிந்தேன்.

அது நின்றது, காதை உயர்த்தியது. பிறகு மணல் பறக்க என்னை நோக்கி வந்த வேகத்தை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். என் நாய் எங்கே ஓடப்போகிறதோ என்று பார்த்தேன். அது ஓடவில்லை. கொஞ்சம் பின்னுக்கு நின்று பார்த்துவிட்டு, சங்கிலி இழுபட இழுபட அதை எதிர்கொண்டு போனது. இரண்டும் ஒன்றை ஒன்று முகர்ந்தன, பிறகு என்னைச் சுற்றி வட்டமடிக்கத் தொடங்கின. வாடிக்காரர் ஒருவரின் வாளியில் இருந்த நல்ல தண்ணீரில் அல்சேசன் முகத்தைப் புதைத்து, சளப் சளப் என்று நக்கிக் குடித்தது. தண்ணீர் குடிக்கிறது! நான் மணலிலேயே இருந்துவிட்டேன். கண்ணீர் தன்பாட்டில் ஓடியது. ஒரு நாய் தண்ணீர் குடிக்கிற சத்தத்தில் இவ்வளவு சந்தோசம் இருக்கும் என்று யார் கண்டது?

அந்த நேரம் பார்த்து வீதியால் ஓர் அக்கா வந்தா. முழுகி, ஈரத் தலையை முடிந்து, கையில் பூத்தட்டத்தோடு கோயிலுக்குப் போகிறா. இரண்டு நாய்களும் அவவைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடின.

"ஐயோ, நாயளைப் பிடியுங்கோ! முழுகிப்போட்டுக் கோயிலுக்குப் போறன்!"

நான் எழும்பவில்லை. மணலில் இருந்தபடியே கையை உயர்த்தி, கண்ணீரும் சிரிப்புமாகச் சொன்னேன்:

"ஒண்டும் செய்யாது அக்கா!"

அவ என்னைப் பார்த்த பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். அது என்னுடைய பார்வைதான். பிறகு, எங்கள் ஊரில் பிறந்த எவரும் செய்வதைச் செய்தா. பூத்தட்டத்தை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மெல்லக் குனியப் போனா.

"ஐயோ அக்கா, குனியாதேங்கோ!"

ஓடிப்போய் அல்சேசனின் கழுத்தைக் கட்டிப்பிடித்து, தோளில் இருந்த சங்கிலியைப் பூட்டினேன். அக்கா எனக்கும் நாய்களுக்கும் சேர்த்து ஏதோ சொல்லிக்கொண்டு மதில் பக்கமாக ஒதுங்கிப் போனா. திரும்பிப் பார்த்தால் பின்னால் கார் நிற்கிறது, அதன் கதவைப் பிடித்தபடி அண்ணை நிற்கிறார். எப்போது வந்தாரோ தெரியாது, ஆனால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"ஓம் தங்கச்சி," என்றார் மெதுவாக, "அப்பிடித்தான் நானும் சொல்லுறனான்."

அவருடைய நாயின் சங்கிலியை அவர் கையில் கொடுத்துவிட்டு, என் நாயின் சங்கிலி நுனியை மணலில் தேடினேன்.